ஸ்லைடில் அனிமேஷன்: எதை அசைக்கலாம், எதைச் சும்மா விடலாம்?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். பத்தாம் வகுப்புக்கு இதயம், இரத்த ஓட்டம் பாடத்தை பவர்பாயின்டில் செய்தேன். படம், அம்புக்குறி, பெயர்கள் எல்லாவற்றுக்கும் அனிமேஷன் போட்டேன், ஸ்லைடு மாறும்போதும் விதவிதமான டிரான்சிஷன் வைத்தேன். வகுப்பில் ஓட்டினால் வரிசை குழம்புகிறது, சில ஸ்லைடு தானாகவே ஓடிவிடுகிறது, பள்ளிக் கணினியில் வேறு மாதிரி தெரிகிறது. அம்பு பறந்து வந்தால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், பாடம் மனதில் நிற்கவில்லை. எதை வைத்துக்கொள்ளலாம், எதை எடுத்துவிடலாம்?

பதில்: டீச்சர், உங்கள் பாடத்துக்கு அனிமேஷன் கட்டாயம் வேண்டும், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரத்த ஓட்டமே ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்ல வேண்டிய விஷயம். முழுப் படத்தையும் அத்தனை பெயர்களோடும் ஒரேயடியாகத் திரையில் போட்டால் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள், நீங்கள் பேசுவது காதில் ஏறாது. நீங்கள் ஒன்றைச் சொல்லும்போது அது திரையில் வர வேண்டும், அதற்கு முன்னால் வரக்கூடாது. அனிமேஷனை இந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டால் உங்கள் ஸ்லைடில் இருப்பதில் முக்கால்வாசி தானாகக் கழிந்துவிடும்.

அதனால் கணினியை மூடி வைத்துவிட்டு நோட்டில் ஆரம்பியுங்கள். அந்த ஒரு ஸ்லைடுக்கு நீங்கள் வாய்விட்டுச் சொல்லப்போகும் வாக்கியங்களை வரிசையாக எழுதிக்கொண்டு, எந்த வாக்கியத்துக்குத் திரையில் என்ன வர வேண்டும் என்று பக்கத்திலேயே குறியுங்கள். இதயத்துக்கு ஆறு வாக்கியம் போதும். பெருஞ்சிரைகள் வழியாக ஆக்சிஜன் குறைந்த இரத்தம் வலது ஆரிக்கிளுக்கு வருகிறது. மூவிதழ் வால்வு வழியாக வலது வெண்ட்ரிக்கிளுக்குப் போகிறது. அங்கிருந்து நுரையீரல் தமனி வழியாக நுரையீரலுக்கு. ஆக்சிஜன் ஏறிய இரத்தம் நுரையீரல் சிரைகள் வழியாக இடது ஆரிக்கிளுக்கு. ஈரிதழ் வால்வு வழியாக இடது வெண்ட்ரிக்கிளுக்கு. கடைசியில் பெருந்தமனி வழியாக உடம்பு முழுக்க. ஆறு வாக்கியம், ஆறு கிளிக். ஏழாவது ஒன்றும் உண்டு, அது கொஞ்சம் பின்னால்.

இப்போது பழையதைத் துடைத்துவிடலாம். டிரான்சிஷன் என்பது ஒரு ஸ்லைடு போய் அடுத்தது வரும்போது நடப்பது, அனிமேஷன் என்பது ஒரே ஸ்லைடுக்குள் இருக்கும் பொருள்களுக்கு நடப்பது. இரண்டுக்கும் மேலே தனித்தனி மெனு இருக்கிறது. டிரான்சிஷன்ஸ் மெனுவில் ‘நன்’ தேர்ந்தெடுங்கள். வலது ஓரத்தில் ‘ஆன் மவுஸ் கிளிக்’ டிக் இருக்கட்டும், ‘ஆஃப்டர்’ என்பதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், சவுண்ட் வேண்டாம். பிறகு ‘அப்ளை டு ஆல்’. இந்தப் பொத்தான் டிரான்சிஷனை மட்டுமல்ல, பக்கத்தில் இருக்கும் நேர அமைப்பையும் எல்லா ஸ்லைடுக்கும் கொண்டுபோகும், அதனால் தானாக ஓடும் தொல்லை இதிலேயே தீர்ந்துவிடும். ‘ரிஹர்ஸ் டைமிங்ஸ்’ போட்டுப் பழகிவிட்டு, கடைசியில் நேரத்தைச் சேமிக்கவா என்று கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், பெரும்பாலும் காரணம் அதுதான். டிரான்சிஷனே வேண்டாமா என்றால், பாடத்தின் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் மட்டும் ஒரு ‘ஃபேட்’ வைக்கலாம். எல்லா இடத்திலும் வைத்தால் அதற்கு அர்த்தம் போய்விடும்.

அனிமேஷன்களை எடுப்பது இன்னும் எளிது. அந்த ஸ்லைடில் கன்ட்ரோல் + ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, அனிமேஷன்ஸ் மெனுவில் ‘நன்’ கொடுங்கள். படம், அம்பு எல்லாம் அப்படியே இருக்கும், அசைவு மட்டும் போகும்.

சரி, இனி புதிதாகக் கட்டலாம். நீங்கள் இணையத்திலிருந்து எடுத்த இதயப் படம் ஒரே படமாகத்தான் இருக்கும், அதற்குள் இருக்கும் வால்வைத் தனியாக அசைக்க முடியாது. படத்தை அசையாமல் கீழே வைத்துவிட்டு அதன்மேல் அம்புகளையும் பெயர்ப் பெட்டிகளையும் நீங்களே வரையுங்கள். படத்திலேயே அச்சான ஆங்கிலப் பெயர்கள் இருந்தால் பெயரில்லாத படமாகத் தேடி மாற்றுங்கள். ஆக்சிஜன் குறைந்த இரத்தத்துக்கு நீலம், ஏறியதற்குச் சிவப்பு. பாடப்புத்தகத்தில் பார்த்துப் பழகிய நிறங்களை மாற்ற வேண்டாம்.

வரைந்ததும் ஆல்ட் + எஃப்10 அழுத்துங்கள், செலக்‌ஷன் பேன் திறக்கும். அதில் எல்லாவற்றுக்கும் கணினியே ஏதோ ஒரு பெயரும் எண்ணும் கொடுத்திருக்கும். அதை மாற்றி ‘அம்பு 1 பெருஞ்சிரை’, ‘பெயர் 1 வலது ஆரிக்கிள்’ என்று தமிழிலேயே எழுதிவிடுங்கள். பலரும் சோம்பல்பட்டு விட்டுவிடும் வேலை இது. ஆனால் வரிசை குழம்புவதற்கு மூல காரணமே, பட்டியலில் எந்த அம்பு எது என்று தெரியாமல் போவதுதான். ஐந்து நிமிடம் செலவழியுங்கள்.

முதல் அம்பைத் தேர்ந்தெடுத்து ‘வைப்’ என்ற நுழைவு அனிமேஷனைக் கொடுங்கள். ‘எஃபெக்ட் ஆப்ஷன்ஸ்’ போய், இரத்தம் எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: மேற்பெருஞ்சிரை அம்புக்கு மேலிருந்து, கீழ்ப்பெருஞ்சிரைக்குக் கீழிருந்து. அம்பு தன் வாலிலிருந்து தலைக்கு வளர்வதுபோல் தெரியும், பிள்ளைகளின் கண்ணும் அதோடு நகரும். அதே அம்பை ‘ஃப்ளை இன்’ கொடுத்து ஓரத்திலிருந்து பறக்கவிட்டால், இரத்தம் ஓடாத பாதையில் கண்ணை இழுத்துக்கொண்டு போகிறோம். சிரிப்பு வருவது அதனால்தான். வைப்புக்கு நான்கு திசைதான் உண்டு, ஆகவே பெருந்தமனி வளைவுக்கு ஒரே வளைந்த அம்பு போடாமல் இரண்டு துண்டாக வெட்டி அடுத்தடுத்து விடுங்கள்.

எது எப்போது தொடங்க வேண்டும் என்பதற்கு மூன்று வழி இருக்கிறது. ‘ஆன் கிளிக்’ என்றால் நீங்கள் தட்டினால்தான் வரும், ‘வித் ப்ரீவியஸ்’ என்றால் முந்தையதோடு சேர்ந்தே வரும், ‘ஆஃப்டர் ப்ரீவியஸ்’ என்றால் முந்தையது முடிந்ததும் தானாக வரும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அம்பு மட்டும் ஆன் கிளிக், அதன் பெயர்ப் பெட்டி ஆஃப்டர் ப்ரீவியஸில் ஒரு ஃபேட். அம்புக்கு 1 நொடி, பெயருக்கு அரை நொடி போதும். மேல், கீழ் பெருஞ்சிரை அம்புகள் இரண்டும் ஒன்றாக வர வேண்டும், ஆகவே இரண்டாவது அம்பு வித் ப்ரீவியஸ். இப்படிச் செய்தால் நிறையப் பொருள்கள் இருந்தாலும் உங்கள் கை தட்டுவது ஆறே தடவைதான். அனிமேஷன் பேனைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். அதில் எண் போட்டிருக்கும் வரிகள்தான் நீங்கள் தட்ட வேண்டியவை. நோட்டில் எழுதிய வாக்கியங்களின் எண்ணிக்கையும் இதுவும் ஒத்துப்போகிறதா பாருங்கள். வரிசை மாறியிருந்தால் பட்டியலில் அந்த வரியை இழுத்து மேலே கீழே நகர்த்தலாம்.

மற்ற அம்புகளுக்கும் இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. முடித்த அம்பைத் தேர்ந்தெடுத்து ‘அனிமேஷன் பெயின்டர்’ மேல் இரட்டைக் கிளிக் செய்துவிட்டு மற்ற அம்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டால் போதும், முடிந்ததும் எஸ்கேப். திசையை மட்டும் பிறகு திருத்திக்கொள்ளுங்கள். இன்னொரு எச்சரிக்கை: அனிமேஷன் போட்டு முடித்த பொருள்களை குரூப் செய்யாதீர்கள், செய்தால் போட்ட அனிமேஷன் எல்லாம் போய்விடும். குரூப் செய்வதென்றால் முதலிலேயே செய்துவிட்டு, அந்த குரூப்புக்கு அனிமேஷன் கொடுங்கள்.

இப்போது ஏழாவது கிளிக். இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அம்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும்போது, வலது பக்கம் முதலில் துடிக்கிறது, அது முடிந்த பிறகு இடது பக்கம் துடிக்கிறது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ள இடமிருக்கிறது. உண்மையில் இரண்டு ஆரிக்கிளும் ஒரே நேரத்தில் சுருங்குகின்றன, பிறகு இரண்டு வெண்ட்ரிக்கிளும் ஒரே நேரத்தில். நாம் விளக்குவதற்காக வைத்த வரிசையே தவறான பாடமாகிவிடக் கூடாது. அதனால் அடுத்த ஸ்லைடில் அம்புகள் இல்லாத வெறும் படத்தை வைத்து, நான்கு அறைகளின் மேலும் பாதி ஒளி ஊடுருவும் நான்கு முட்டை வடிவங்களைப் போடுங்கள். நான்குக்கும் ‘எம்ஃபசிஸ்’ வகையில் ‘க்ரோ/ஷ்ரிங்க்’ கொடுத்து, அளவு 85 சதவீதம், ‘ஆட்டோ ரிவர்ஸ்’ டிக். இடது ஆரிக்கிள் வலதோடு வித் ப்ரீவியஸ், வெண்ட்ரிக்கிள்களில் ஒன்று ஆஃப்டர் ப்ரீவியஸ், மற்றது அதோடு வித் ப்ரீவியஸ். நேரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு: ஒரு துடிப்பு ஏறத்தாழ 0.8 நொடி, அதில் ஆரிக்கிள் சுருக்கம் 0.1, வெண்ட்ரிக்கிள் சுருக்கம் 0.3, மீதி 0.4 ஓய்வு. அந்த வேகத்தில் காட்டினால் கண்ணுக்குப் பிடிபடாது. பத்து மடங்கு மெதுவாக்கி ஆரிக்கிள்களுக்கு 1 நொடி, வெண்ட்ரிக்கிள்களுக்கு 3 நொடி என்று வையுங்கள். ஆட்டோ ரிவர்ஸ் போட்டால் போட்ட நேரம் இரட்டிப்பாகும் என்பதால் டியூரேஷனில் 0.5, 1.5 என்று கொடுக்க வேண்டும். பிறகு 4 நொடி நீங்கள் எதுவும் தொடாமல் பேசாமல் இருங்கள். இதயம் சுருங்கும் நேரமும் ஓய்வெடுக்கும் நேரமும் சமம் என்பது அப்போது அவர்களுக்கே தெரியும்.

ஒரே பொருளுக்கு வருவது, துடிப்பது என இரண்டு அனிமேஷன் வேண்டுமென்றால் இரண்டாவதை ‘ஆட் அனிமேஷன்’ பொத்தான் வழியாகத்தான் சேர்க்க வேண்டும். மேலே வரிசையாகத் தெரியும் பட்டியலில் தட்டினால் முதலில் போட்டது அழிந்து புதியது அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும்.

வேண்டாதவை என்று பார்த்தால் எழுத்தெழுத்தாக வருவது, துள்ளுவது, சுழல்வது, கைதட்டல் சத்தம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தில் ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளர் படமும் பேச்சும் சேர்ந்த பாடங்களைப் பல காலம் ஆராய்ந்தவர். பாடத்துக்குச் சம்பந்தமில்லாத கவர்ச்சியைக் குறைத்தாலும், சிக்கலான விஷயத்தைக் கற்பவரின் வேகத்துக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தாலும் நன்றாகப் புரிகிறது என்பது அவருடைய முடிவுகளில் முக்கியமானது. பளிச் பளிச்சென்று மின்னுவதை மட்டும் எந்தக் காரணத்துக்கும் வைக்காதீர்கள். நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் மின்னும் திரை, ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ள பிள்ளைக்கு ஆபத்து, வகுப்பில் யாருக்கு அது இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

இனி பள்ளிக் கணினி. அங்கே இருப்பது பழைய பவர்பாயின்ட்டா, லிப்ரே ஆபிஸா, கூகுள் ஸ்லைட்ஸா என்று முதலில் பாருங்கள். ‘மார்ஃப்’ அழகான டிரான்சிஷன்தான்: ஸ்லைடை நகலெடுத்து, நகலில் படத்தைப் பெரிதாக்கி வால்வு மட்டும் தெரியும்படி வைத்து மார்ஃப் கொடுத்தால் இதயத்துக்குள்ளேயே போவதுபோல் இருக்கும். ஆனால் 2010, 2013 பதிப்புகளில் அது வெறும் ஃபேடாகத்தான் தெரியும். கூகுள் ஸ்லைட்ஸில் வைப்பே கிடையாது.

எங்கே கொண்டுபோனாலும் மாறாமல் ஓட ஒரு வழி இருக்கிறது, அனிமேஷனே இல்லாத வழி. முழுப் படத்தையும் எல்லா அம்புகளோடும் ஒரு ஸ்லைடில் முடித்துவிட்டு, இடது ஓரப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + டி அழுத்தி ஆறு பிரதியாக்குங்கள். முதல் பிரதியில் முதல் அம்பைத் தவிர மற்றதை அழியுங்கள், இரண்டாவதில் இரண்டை வைத்துக்கொள்ளுங்கள், இப்படியே ஆறாவது வரை. ஸ்லைடு மாறுவது பார்ப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது, அடுத்த அம்பு முளைத்ததுபோல்தான் இருக்கும். அம்பு வளர்ந்து வரும் அழகு போய்விடும், உண்மைதான். ஆனால் உங்கள் நிலைமையில் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன், துடிப்பு ஸ்லைடுக்கு மட்டும் அனிமேஷன் வைத்துக்கொள்வேன். பிள்ளைகளுக்கு பிடிஎஃப் ஆக அனுப்பும்போதும் இது கைகொடுக்கும். அனிமேஷன் போட்ட ஸ்லைடை பிடிஎஃப் ஆக்கினால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே பக்கத்தில் வந்துவிடும். பிரதிகளாக இருந்தால் ஆறு பக்கமும் படிப்படியாக அப்படியே வரும்.

ஓட்டும்போது மவுஸ் வேண்டாம், வலது அம்பு விசையைப் பயன்படுத்துங்கள், தவறிப்போனால் இடது அம்பு ஒரு படி பின்னால் கொண்டுபோகும். யாராவது எழுந்து “மறுபடி அந்த வால்வு” என்று கேட்டால் அந்த ஸ்லைடின் எண்ணைத் தட்டி என்டர் அழுத்துங்கள், அங்கேயே போய் முதலிலிருந்து தொடங்கும். நீங்கள் கரும்பலகையில் எழுதும்போது பி விசையை அழுத்தினால் திரை கருப்பாகிவிடும், மறுபடி அழுத்தினால் விட்ட இடத்துக்கே திரும்பும்.