ஐம்பதாயிரம் டாலர் தருகிறேன் என்று சொன்னது யார்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐம்பதாயிரம் டாலர் தருவதாகச் சொல்லி டெஸ்லாவிடம் வேலை வாங்கிக்கொண்டு, கடைசியில் "உங்களுக்கு அமெரிக்க நகைச்சுவை புரியவில்லை" என்று எடிசன் கையை விரித்துவிட்டாராமே, நிஜமா?
– தென்காசி வாசகர்

பதில்: வாட்ஸப்பில் வருடத்துக்கு இரண்டு தடவையாவது எனக்கும் வந்துவிடும் கதை இது. பாதி நிஜம். எடிசன் கம்பெனியில் வேலை பார்த்த பொறியாளர் டெஸ்லா 1919-இல் எழுதிய தன்வரலாற்றுத் தொடரில் அந்த ஐம்பதாயிரம் வருகிறது. இருபத்துநான்கு வகை டைனமோக்களை (மின்சாரம் உண்டாக்கும் இயந்திரங்களை) மாற்றி வடிவமைத்துக் கொடுத்ததாகவும், முடித்தால் அந்தத் தொகை தருவதாக 'மேனேஜர்' சொன்னதாகவும், பிறகு அது விளையாட்டுப் பேச்சாகிவிட்டதாகவும் எழுதுகிறார். எடிசன் சொன்னார் என்று எழுதவில்லை. எடிசன் வாயில் அந்த நகைச்சுவை வசனம் ஏறியது, டெஸ்லா இறந்த பிறகு 1944-இல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்றில்தான். அப்போது டெஸ்லாவுக்கு வாரச் சம்பளம் 18 டாலர் என்று அதே வரலாறு சொல்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐம்பதாயிரம் என்பது ஐம்பத்துமூன்று வருடச் சம்பளம். எந்த மேனேஜர் சொன்னாலும் நான் நம்பியிருக்க மாட்டேன், ஆனால் 1884-இல் பாரிசிலிருந்து கப்பலேறி, பையில் நாலு சென்ட்டோடு நியூயார்க்கில் இறங்கிய இருபத்தேழு வயதுப் பையன் நம்பியிருப்பான்.

எனக்குப் பிடித்தது அதே தொடரில் வரும் வேறொரு காட்சி. 'ஓரிகன்' என்ற பயணிகள் கப்பலில் விளக்கெரிக்கும் இயந்திரங்கள் இரண்டும் பழுதாகி, கப்பல் கிளம்ப முடியாமல் நிற்கிறது. சாயங்காலம் கருவிகளைத் தூக்கிக்கொண்டு போன டெஸ்லா ராத்திரி முழுக்க உட்கார்ந்து சரிசெய்துவிட்டு, விடிகாலை ஐந்து மணிக்கு ஐந்தாவது அவென்யூ வழியே பட்டறைக்கு நடந்து வருகிறார். எதிரே எடிசன், சகா பேச்சலர், இன்னும் சிலர், அவர்கள் அப்போதுதான் வேலை முடித்துத் தூங்கப் போகிறார்கள். "நம்ம பாரிஸ்காரர் ராத்திரியெல்லாம் ஊர் சுற்றுகிறார் பாருங்கள்" என்கிறார் எடிசன். கப்பலிலிருந்துதான் வருகிறேன், இரண்டையும் சரிசெய்துவிட்டேன் என்கிறார் டெஸ்லா. எடிசன் ஒன்றும் பேசாமல் அவரையே பார்த்துவிட்டு நடந்துவிடுகிறார். கொஞ்ச தூரம் போன பிறகு, இவன் படு கெட்டிக்காரன் என்று பேச்சலரிடம் சொன்னது டெஸ்லா காதில் விழுகிறது. நேரில் பாராட்ட மனசு வரவில்லை பாருங்கள்!

ஆறு மாதம்தான் அங்கே இருந்தார். டெஸ்லாவின் குறிப்பேட்டில் அந்த டிசம்பர், ஜனவரிப் பக்கங்கள் இரண்டின் குறுக்கே 'எடிசன் மெஷின் ஒர்க்ஸுக்கு குட்பை' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. அவ்வளவுதான் இருவரும் முதலாளி, தொழிலாளியாக இருந்த கதை.

கேள்வி: ஏசி மின்சாரம் ஆபத்து என்று காட்ட எடிசன் ஒரு யானையையே ஷாக் வைத்துக் கொன்றாரே, அவரைப் போய் மேதை என்கிறீர்களே?
– மட்டக்களப்பு வாசகி

பதில்: டாப்சி என்ற அந்த யானை கோனி ஐலண்டில் செத்தது 1903 ஜனவரியில். ஏசியா (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்), எடிசனின் டிசியா (ஒரே திசையில் ஓடுவது) என்று நடந்த கரண்ட் சண்டை முடிந்து பத்து வருடம் ஆகியிருந்தது. கொல்ல முடிவெடுத்தது அங்கிருந்த பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள். எடிசன் பெயர் தாங்கிய சினிமா கம்பெனி அதைப் படம் எடுத்ததால் பழி இவர் தலையில் விழுந்தது. யானை விஷயத்தில் விட்டுவிடலாம். ஆனால் 1888-இல் நாய்கள், கன்றுக்குட்டிகள், ஒரு குதிரை வரை அவருடைய சொந்த ஆய்வுக்கூடத்திலேயே ஏசி பாய்ச்சிக் கொன்று காட்டினார்கள். அதற்கு அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: அப்படியென்றால் நிஜமான சண்டை யாருக்கும் யாருக்கும்?
– ஈரோடு வாசகர்

பதில்: எடிசனுக்கும் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுசுக்கும். ரயிலுக்குக் காற்று பிரேக் செய்து பணம் பார்த்த பிட்ஸ்பர்க்காரர். 1888-இல் டெஸ்லாவின் ஏசி மோட்டார் காப்புரிமைகளை வாங்கியது இவர்தான், டெஸ்லா இந்தச் சண்டையில் பாதிக்கும் மேல் வேடிக்கை பார்த்தவர்.

எடிசன் 1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க் பேர்ல் தெருவில் தொடங்கிய நிலையம் தந்தது 110 வோல்ட் டிசி. சுமார் ஒரு மைலுக்கு மேல் போனால் பல்ப் மங்கும், போகவைக்க வேண்டுமென்றால் செம்புக் கம்பிக்கே சொத்தை அழிக்க வேண்டும். ஏசியில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டை ஏற்றலாம், இறக்கலாம். வோல்ட்டைப் பத்து மடங்கு ஏற்றினால் அதே மின்சாரத்துக்குக் கம்பியில் ஓடும் கரண்ட் பத்தில் ஒரு பங்கு, சூடாகி வீணாவது நூறில் ஒரு பங்கு. வீட்டு வாசலில் இறக்கிக்கொள்ளலாம். இந்தக் கணக்குக்கு முன்னால் எடிசனிடம் பதில் இல்லை.

அதனால் பயத்தைக் கையில் எடுத்தார். அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1889 அக்டோபரில் மான்ஹாட்டனில் பட்டப்பகலில், தெருவே பார்த்துக்கொண்டிருக்க, ஒரு லைன்மேன் தலைக்கு மேலே கம்பிப் பின்னலில் சிக்கிக் கருகிச் செத்தார். ஆனால் எடிசன் அதோடு நிற்கவில்லை. மரண தண்டனைக்கு எது தோதான இயந்திரம் என்று நியூயார்க் மாநிலக் குழுவிலிருந்து ஒரு பல் மருத்துவர் கேட்டபோது, வெஸ்டிங்ஹவுஸ் தயாரிப்பு ஏசி இயந்திரங்களைப் பெயர் சொல்லியே சிபாரிசு செய்தார்! எடிசன் பக்கம் நின்ற ஹெரால்ட் பிரவுன் இன்னொரு படி மேலே போய், நான் டிசியை உடம்பில் வாங்கிக்கொள்கிறேன், நீங்கள் ஏசியை வாங்கிக்கொள்ளுங்கள், நூறு வோல்ட்டில் தொடங்கி ஐம்பது ஐம்பதாக ஏற்றுவோம், யார் முதலில் தோற்கிறார் பார்ப்போம் என்று வெஸ்டிங்ஹவுசைச் சண்டைக்கே கூப்பிட்டார். அவர் கண்டுகொள்ளவில்லை. 1890 ஆகஸ்டில் ஆபர்ன் சிறையில் முதல் மின்சார நாற்காலி வேலை செய்தது, அதுவும் அரைகுறையாக. செத்துவிட்டார் என்று அறிவித்த பிறகு தண்டனைக் கைதிக்கு மூச்சு வந்து, மறுபடி கரண்ட் விட வேண்டியதாயிற்று. கோடரியை எடுத்திருந்தால் இதைவிட நன்றாகச் செய்திருப்பார்கள் என்றாராம் வெஸ்டிங்ஹவுஸ்.

1892-இல் எடிசன் கம்பெனி வேறொரு கம்பெனியோடு இணைந்து ஜெனரல் எலெக்ட்ரிக் ஆனபோது, பெயர்ப் பலகையிலிருந்தே எடிசன் போய்விட்டார். மறு வருடம் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு விளக்குப் போட்டது வெஸ்டிங்ஹவுசின் ஏசி.

கேள்வி: ரேடியோவைக் கண்டுபிடித்தது மார்க்கோனி இல்லை, டெஸ்லா என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதா?
– ஒரு கல்லூரி மாணவர்

பதில்: சொல்லவில்லை. 1943 ஜூன் தீர்ப்பு மார்க்கோனி கம்பெனிக்கும் அமெரிக்க அரசுக்கும் நடந்த பண வழக்கு. மார்க்கோனியின் ஒரு காப்புரிமையில் சில உரிமைக்கோரல்கள் செல்லாது, அது டெஸ்லா, லாட்ஜ், ஸ்டோன் ஆகியோர் முன்பே செய்தது என்றார்கள். டெஸ்லா அந்த ஜனவரியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

கேள்வி: எடிசனும் டெஸ்லாவும் கடைசிவரை எதிரிகளாகவே இருந்தார்களா?
– திருச்சி வாசகி

பதில்: அமெரிக்க மின்பொறியாளர் சங்கம் எடிசன் பெயரில் ஒரு பதக்கம் கொடுத்துவந்தது. 1911-ஆம் ஆண்டுக்கான பதக்கத்தை வாங்கியவர் யார் தெரியுமா? வெஸ்டிங்ஹவுஸ்! அவருக்கு டிரான்ஸ்ஃபார்மர் செய்து கொடுத்த ஸ்டேன்லிக்கு அடுத்த வருடம், தொலைபேசியில் எடிசனோடு மோதிய பெல்லுக்கு 1914-இல். டெஸ்லாவுக்கு 1917 மே மாதம் கொடுத்தார்கள், முதலில் வேண்டாம் என்றவரை நண்பர் ஒருவர் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தார்.

1931-இல் எடிசன் இறந்தபோது டெஸ்லா பத்திரிகைக்குச் சொன்னது இது: வைக்கோற்போரில் ஊசியைத் தேடச் சொன்னால் எடிசன் தேனீ மாதிரி ஒவ்வொரு வைக்கோலாகப் புரட்டிப் பார்ப்பார், கொஞ்சம் கணக்குப் போட்டிருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு உழைப்பு மிச்சமாகியிருக்கும். இரங்கல் செய்தி, அதிலேயே இவ்வளவு!

எடிசனின் டிசி மட்டும் லேசில் சாகவில்லை. மான்ஹாட்டனில் கடைசி டிசி இணைப்பைத் துண்டித்தது 2007 நவம்பரில். இன்றைக்குச் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 800 கிலோவோல்ட்டில் வரும் மின்சாரமும் டிசிதான்.