சர்க்கரை உள்ள அம்மாவுக்கு மாக்சா சூடு வேண்டாம்

அம்மாவுக்குச் சர்க்கரை, பாதம் மரத்திருக்கிறது, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரையும் சாப்பிடுகிறார், முழங்கால் வலிக்குத் திருமங்கலத்தில் அக்குபஞ்சர் ஊசியும் மாக்சா சூடும் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சூடு வேண்டவே வேண்டாங்க. மாக்சா என்பது நம்ம மரிக்கொழுந்துக்கு உறவான ஒரு செடியின் காய்ந்த இலையைத் திரித்துக் கொளுத்துவது. உணர்வுள்ள கால் என்றால் சுட்டதும் இழுத்துக்கொள்வார்கள், அம்மாவுக்கோ கொப்பளித்த பிறகுதான் தெரியும், அந்தப் புண் ஆறாமல் முற்றினால் விரலையே எடுக்கவேண்டி வரலாம். ஊசி என்றால் முதலில் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்து, வார்ஃபரின் எழுதிய டாக்டரிடம் கேளுங்கள், கண்ணெதிரே புது ஊசிப் பாக்கெட் பிரிக்கவேண்டும். தோள், நெஞ்சுப் பக்கம் ஆழமாகக் குத்தவிடாதீர்கள், நுரையீரலில் ஓட்டை விழுந்த சம்பவங்கள் உண்டு. அப்புறம், ஊசி குத்துகிறவர் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். பாதத்தைப் பெரியாஸ்பத்திரியில் ஒருதடவை காட்டுங்கள்.