படம் கீறி வாழ்வது வீணோ என்ற சந்தேகம் எனக்கு எப்படிக் குறைந்தது

கலையைத் தொழிலாக எடுத்ததற்கு ஒரு பெறுமதி இருக்கிறதா என்ற சந்தேகத்தை எப்படிக் கடந்தீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முழுதாகக் கடந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சந்தேகத்தால் பென்சிலைத் தொடவே மனம் வராத ஒரு காலம் இருந்தது. அது போய்விட்டது.

மட்டக்களப்பு கல்லடியில் உள்ள விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்து 2013இல் வெளியே வந்தேன். எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் "நியமனம் கிடைச்சிட்டா தம்பி?" என்று அரசாங்க வேலையைப் பற்றித்தான் முதல் கேள்வி. கடைப் பெயர்ப்பலகை எழுதினேன், பாலர் பாடசாலைச் சுவரில் யானையும் முயலும் கீறினேன். இரவில் படுத்தால், ஒரு மேசனுடைய வேலைக்கு இருக்கும் அவசியம் என் வேலைக்கு இருக்கிறதா என்றுதான் யோசனை ஓடும்.

2014 நவம்பரில் ஒரு அம்மா ஏழு வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தா. முன்பு நாவலடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் அந்த நிலத்தில் இருந்தவ. சுனாமிக்குப் பிறகு திராய்மடுவுக்குக் குடியேறியவ. 2004 டிசம்பர் 26இல் ஆறு வயது மகளைக் கடல் கொண்டுபோய்விட்டது. வீட்டோடு படங்களும் போய்விட்டன. பத்தாவது ஆண்டு நினைவுக்கு வைக்க ஒரு படம் வேண்டும். பிள்ளையின் படம் ஒன்றுகூட இல்லை.

"இவன் அவளுக்குப் பிறகு பிறந்தவன். அக்காட நெத்தியும் மூக்கும் அப்பிடியே இவனுக்கு. இவனப் பாத்துக் கீறு மனே."

மூன்று பின்னேரம் அந்தப் பையன் கதிரையில் அசையாமல் இருந்தான், தான் கண்டே இராத அக்காவுக்காக. நான் கரிப் பென்சிலால் கீற, அவ பக்கத்தில் நின்று திருத்திக்கொண்டே இருந்தா. "கண் இப்பிடி இல்ல, ஓரம் கொஞ்சம் கீழ சாயும்." "முன்பல் ரெண்டும் அப்பதான் விழுந்திருந்தது, வாய மூடித்தான் சிரிப்பாள்." அழிறப்பர் தேய்ந்து கடதாசி மயிர் எழும்பிவிட்டது. இரண்டு தாளை எறிந்துவிட்டு மூன்றாவதில் தொடங்கினேன். வாயை மூடிய சிரிப்பு வந்ததும் அவ ஒன்றும் சொல்லவில்லை. நிலத்தில் இருந்துவிட்டா.

காசு வேண்டாம் என்றேன். அவவின் முகம் மாறிவிட்டது. "பத்து வருசமா என்ட பிள்ளைக்கு ஒண்டும் வாங்கிக் குடுக்கல்ல மனே. இது நான் அவளுக்குச் செய்யிற செலவு." 3,500 ரூபாய். வாங்கினேன். கலைக்கு விலை பேசக் கூடாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காசை மறுத்திருந்தால் அந்தத் தாயிடமிருந்து எதைப் பறித்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து அவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

சரி, அதோடு எல்லாம் தீர்ந்ததா? இல்லை. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் அரசாங்க வேலை கேட்டு மட்டக்களப்பு காந்தி பூங்காவில் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தபோது நானும் சில நாள் போய் இருந்தேன். அவர்கள் கேட்டது நியாயம். பிறகு அபிவிருத்தி உத்தியோகத்தர்களாக அரசாங்க வேலைக்குப் போன என் நண்பர்களைக் கலையைக் கைவிட்டவர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. நானும் கிழமைக்கு மூன்று நாள் சித்திர வகுப்பு எடுத்துத்தான் அரிசிக்கும் மின்சாரத்துக்கும் வழி பார்க்கிறேன். மாதக் கடைசியில் வரும் பயம் காசைப் பற்றிய பயம். அதை வேலையின் பெறுமதியோடு போட்டுக் குழப்பிக்கொண்டதுதான் என்னை வருடக்கணக்கில் வாட்டியது.

நீங்கள் வேண்டியவர்களுக்கெல்லாம் இலவசமாகச் செய்துகொடுப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அடுத்து வருபவரிடம் ஒரு விலை சொல்லிப் பாருங்கள். சொல்லும்போது குரல் நடுங்கும். எனக்கு இப்போதும் கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது.