88×31 பொத்தான் கைப்பேசியில் மங்குவது ஏன்?

வணக்கம். மற்ற தளங்கள் உங்கள் தளத்திற்கு இணைப்புத் தரப் பயன்படுத்தும் சிறு படமான 88×31 பிக்சல் பொத்தான் கணினியில் தெளிவாகவும் கைப்பேசியில் மங்கலாகவும் தெரிவதாக எழுதியிருந்தீர்கள். கைப்பேசித் திரையில் வலைப்பக்க அளவுகளைக் குறிக்கும் அலகான சிஎஸ்எஸ் பிக்சல் ஒவ்வொன்றுக்கும் பல திரைப்புள்ளிகள் இருப்பதால், உலாவி படத்தை விரிக்கும்போது அண்டைப் புள்ளிகளின் நிறங்களைக் கலந்து விளிம்புகளை மழுக்கிவிடுகிறது. பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் குறிமுறையில் அப்படத்தின் ‘இமேஜ்-ரெண்டரிங்’ பண்பை ‘பிக்சலேட்டட்’ என அமைத்தால் அந்தக் கலப்பு நின்றுவிடும். பெரிதாக்க விரும்பினால் சரியாக இருமடங்காக, 176×62 என்றே கொடுங்கள், இடைப்பட்ட அளவுகளில் எழுத்தின் ஒரு கோடு தடித்தும் மற்றொன்று மெலிந்தும் போகும்.

நீங்கள் அதை ஜேபெக்காகச் சேமித்திருப்பதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. அதன் சுருக்கமுறை சிறு எழுத்துகளைச் சுற்றிக் கறை படிந்தாற்போல் ஆக்கிவிடும் என்பதால், மூலக் கோப்பிலிருந்து ஜிஃப் அல்லது பிஎன்ஜியாக மீண்டும் சேமியுங்கள். ஜிஃப் தரும் 256 நிறங்கள் இவ்வளவு சிறிய படத்திற்குத் தாராளம். திரைவாசிப்பான் பயன்படுத்துவோருக்காக படத்தைச் சொற்களில் விவரிக்கும் ‘ஆல்ட்’ உரையையும் அவசியம் சேருங்கள்.