சிக்கனம் பிடித்த கடற்படை

கேள்வி: 1982-ல் தென் அட்லாண்டிக்கில் பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளை அர்ஜென்டினா ஒரே நாளில் பிடித்துவிட்டதே, பிரிட்டன் அசந்து தூங்கிவிட்டதா?

பதில்: உட்கார்ந்து செலவுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது என்பேன். 1981-ல் பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட் கடற்படைச் செலவில் கை வைத்தார். அன்றைய கவலையெல்லாம் சோவியத் நீர்மூழ்கிகள்தான். தென் அட்லாண்டிக்கை யார் நினைத்தார்கள்? கழித்துக்கட்ட முடிவானவற்றில் ஒன்று ‘என்டியூரன்ஸ்’. பனிக்கடலில் சுற்றும் சிவப்புக் கப்பல். இரண்டு 20 மி.மீ. பீரங்கி, இரண்டு சிறிய ஹெலிகாப்டர், அவ்வளவுதான். சண்டைக்கு உதவாது. ஆனாலும் பிரிட்டிஷ் கடற்படைக் கொடியோடு அந்தப் பக்கம் தவறாமல் போய்வந்த கப்பல் அது. அதையும் நிறுத்தப்போகிறோம் என்றால், அர்ஜென்டினத் தலைநகர் பியூனஸ் அயர்ஸில் இருந்த ராணுவ ஆட்சி என்ன நினைக்கும்? இத்தனைக்கும் 1977-ல் இதேபோல் பதற்றம் வந்தபோது, பிரதமர் காலகன் ஓசைப்படாமல் ஒரு அணு நீர்மூழ்கியை அனுப்பிவைத்திருந்தார். 1982 ஏப்ரல் 2 அன்று அர்ஜென்டினப் படை இறங்கியபோது, தீவில் காவலுக்கு இருந்த மரீன்கள், அதாவது பிரிட்டிஷ் கடற்படைத் தரைவீரர்கள், சுமார் 70 பேர்.

கேள்வி: அப்புறம் எப்படி மீட்டார்கள்?

பதில்: திறமை பாதி, அதிர்ஷ்டம் பாதி. விமானந்தாங்கிக் கப்பல் ‘இன்வின்சிபிள்’ ஆஸ்திரேலியாவுக்கு விலை பேசப்பட்டிருந்தது. நல்லவேளை, இன்னும் கைமாறவில்லை. ஏப்ரல் 5-ம் தேதியே அது போர்ட்ஸ்மத்திலிருந்து கிளம்பிவிட்டது. போக வேண்டியதோ சுமார் 8,000 மைல். நடுவழியில் ஒதுங்க அசென்ஷன் தீவு ஒன்றுதான். படையை ஏற்றிச்செல்ல ‘கான்பெரா’ என்ற உல்லாசக் கப்பலையே கேட்டு வாங்கினார்கள்.

இல்லாத ஒன்று கடைசிவரை உறுத்தியது: வானில் சுற்றி முன்னெச்சரிக்கை தரும் ரேடார் விமானம். பழைய விமானந்தாங்கிக் கப்பல் ‘ஆர்க் ராயல்’ ஓய்வு பெற்றபோது அதோடு அதற்கும் ஓய்வு கொடுத்திருந்தார்கள். தாழப் பறந்து வந்த விமானங்களை நேரத்தோடு பார்க்க முடியவில்லை. மே 4-ல் ‘ஷெஃபீல்டு’ போர்க்கப்பல் மீது எக்சோசெட் ஏவுகணை பாய்ந்து 20 பேர் இறந்தார்கள். மே 25-ல் சரக்குக் கப்பல் ‘அட்லாண்டிக் கன்வேயரும்’ அடிபட்டது. அதிலிருந்த மூன்று சினூக் ஹெலிகாப்டர்கள் போயின. வீரர்கள் முதுகில் மூட்டையோடு சதுப்பு நிலத்தில் சுமார் 80 கி.மீ. நடந்தே தீவுகளின் தலைநகர் ஸ்டான்லிக்குப் போனார்கள்.

ஜூன் 14-ல் அர்ஜென்டினப் படை சரணடைந்தது. பிரிட்டன் தரப்பில் 255 உயிர்கள், அர்ஜென்டினாவுக்கு 649. ஸ்டான்லி விமான ஓடுபாதையை நீட்டுங்கள் என்று 1976-லேயே ஷாக்கிள்டன் பிரபு அறிக்கை கொடுத்திருந்தார். அரசு கையை விரித்துவிட்டது. போருக்குப் பிறகு, 1985-ல், மவுண்ட் பிளெசன்டில் ஒரு பெரிய விமானத் தளத்தையே கட்டித் திறந்தார்கள்.