பஞ்சாபுக்கு எந்த மாதம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாபநாசம் பக்கம் ஐந்து ஏக்கரில் நெல் சாகுபடி செய்பவன் நான். தீபாவளியை ஒட்டி மனைவியும் நானும் கல்லூரியில் படிக்கும் மகளும் பத்து நாள் பஞ்சாப் போவதாக இருக்கிறோம். டிராவல்ஸ்காரர் கொடுத்த திட்டத்தில் பொற்கோயில், ஜாலியன்வாலா பாக், வாகா எல்லை, கடைசியில் ஒரு ரிசார்ட்டில் ‘கிராமிய இரவு’ என்று இருக்கிறது. அதில் பாங்க்ரா, மக்காச்சோள ரொட்டி, கடுகுக்கீரை எல்லாம் உண்டாம். விவசாய மாநிலம் என்று பெயர் பெற்ற ஊருக்குப் போய் இவ்வளவுதானா பார்த்துவிட்டு வருவது? அந்த மக்களின் பண்பாடு கொஞ்சமாவது பிடிபட என்ன செய்யலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

திட்டத்தில் இடங்கள் சரியாகத்தான் இருக்கின்றன. பிசகு மாதத்தில். பஞ்சாபில் பாட்டு, ஆட்டம், சாப்பாடு எல்லாமே பயிரின் மாதத்தோடு கட்டப்பட்டவை. கோதுமை அறுவடை ஏப்ரல், அதோடு வைசாகித் திருவிழா. நெல் நடவு ஜூன். நெல் அறுவடை அக்டோபர். கோதுமை விதைப்பு நவம்பர் நடுவுக்குள். கீரையும் கரும்பும் லோடிப் பண்டிகையும் குளிர்காலத்துக்கு. ரிசார்ட்காரர் இந்த வரிசையைக் கலைத்து, ஏப்ரல் மாதத்து ஆட்டத்தையும் ஜனவரி மாதத்து உணவையும் அக்டோபரில் ஒரே மேடையில் வைக்கிறார்.

பாங்க்ராவையே எடுத்துக்கொள்ளுங்கள். அது வைசாகியில் ஆண்கள் ஆடிய அறுவடை ஆட்டம். அதன் தாய்வீடாகச் சொல்லப்படும் சியால்கோட், குஜ்ரான்வாலா பக்கமெல்லாம் 1947-இல் பாகிஸ்தானுக்குப் போய்விட்டன. இன்று நாம் பார்க்கும் வரிசை கட்டிய, சீருடை போட்ட வடிவம் 1950-களில் மேடைக்காக ஒழுங்குபடுத்தப்பட்டது. ரிசார்ட்டில் பார்ப்பதானால் ஆடுபவர்களின் காலைப் பார்ப்பதைவிட டோல் என்னும் மேளத்தைக் கவனியுங்கள். கனமான பக்கத்தை அடிக்கும் வளைந்த தடித்த குச்சி டக்கா, மெல்லிய பக்கத்தை அடிக்கும் ஒல்லிக் குச்சி தில்லி. ஆட்டத்தின் நடை மாறுவது டோல்காரர் கையில்தான், ஆடுபவர்கள் அவரைத் தொடர்கிறார்கள்.

கடுகுக்கீரையும் அப்படித்தான். குளிர் ஏறி இலை திரண்ட பிறகுதான் அது கீரை. தீபாவளி சமயத்தில் தட்டில் வருவது பெரும்பாலும் டப்பாவிலோ உறைபெட்டியிலோ இருந்ததாக இருக்கும். ஆசையாக இருந்தால் மார்கழி, தை மாதங்களில் கடுகுக்கீரை கிடைக்கும் இடத்தில் நீங்களே செய்யலாம். ஒரு கிலோ கடுகு இலைக்குக் கால் கிலோ பசலை (பாலக்), கால் கிலோ பத்துவா என்னும் சக்கரவர்த்திக் கீரை. பத்துவா கிடைக்காவிட்டால் பசலையைக் கூட்டிக்கொள்ளுங்கள், கசப்பு அடங்கும். இஞ்சி, பச்சைமிளகாய், உப்போடு சிறு தீயில் இரண்டு மணி நேரமாவது வேக வேண்டும். பிறகு மரமத்தால் கடைந்து, ஒரு பிடி மக்காச்சோள மாவைத் தூவி மறுபடி அரை மணி நேரம். மிக்ஸியில் அரைத்தால் வழவழவென்று சட்னியாகிவிடும். மாவு போட்ட பின் சீக்கிரம் இறக்கினால் பச்சை வாசம் நிற்கும். மக்காச்சோள ரொட்டி உடைவதாகப் புலம்பாதவர் இல்லை. கோதுமையில் இருக்கும் பசைப்புரதம் அதில் இல்லை, அதுதான் காரணம். சுடுதண்ணீர் விட்டு, ஒரு ரொட்டிக்கு வேண்டிய மாவை மட்டும் அப்போதைக்கப்போது பிசைந்து, உள்ளங்கைகளுக்கு நடுவே தட்ட வேண்டும். மொத்தமாகப் பிசைந்து வைத்தால் மாவு வறண்டு விளிம்பு வெடிக்கும்.

சரி, உங்கள் மாதத்தில் என்ன கிடைக்கும்? டெல்டா விவசாயிக்கு மண்டியைவிடப் பெரிய காட்சி வேறில்லை. அரசு நெல் கொள்முதல் செப்டம்பர் நடுவிலோ அக்டோபர் முதல் தேதியிலோ தொடங்கும். அக்டோபர் கடைசியில் மண்டிகள் நிரம்பி வழியும். லூதியானாவுக்குக் கிழக்கே ஜி.டி. சாலையில் இருக்கும் கன்னா, ஆசியாவின் மிகப் பெரிய தானியச் சந்தை என்று சொல்லப்படுவது. காலை பத்து மணிக்குமேல் போங்கள். டிராக்டர் டிராலி பின்புறம் சாய்ந்து நெல்லைத் தரையில் கொட்டும். தூற்றும் இயந்திரத்தில் சுத்தம் செய்வார்கள், ஈரமானி வைப்பார்கள், கொள்முதல் ஆய்வாளர் வருவார், பிறகு மூட்டை பிடிப்பு. நம் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம், அங்கே நெல்லுக்கு 37.5 கிலோ, கோதுமைக்கு 50 கிலோ. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அங்கும் அதேதான். பனி இறங்கிய பிறகு இயந்திரத்தை விட்டு அறுத்தால் ஈரம் ஏறிவிடும். இரவில் அறுவடை இயந்திரம் ஓட்டக் கூடாது என்று மாவட்ட நிர்வாகங்கள் உத்தரவு போடுவது அதனால்தான். ஈரம் கூடினால் நெல்லை மண்டித் தரையிலேயே கிளறிக் காயவைத்து, குவியல் பக்கத்தில் கயிற்றுக்கட்டில் போட்டு விவசாயி படுத்துக் கிடக்க வேண்டும்.

அங்கே ஆர்த்தியா என்று ஒருவர் இருப்பார். நம் ஊர்க் கமிஷன் மண்டிக்காரர் போல, ஆனால் பிடி இன்னும் இறுக்கம். விதைக்கு, டீசலுக்கு, கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு எல்லாம் கைமாற்று அவரிடம்தான். 2021 முதல் கொள்முதல் பணம் நேரே விவசாயியின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. இருந்தும் அந்த உறவு அறுந்துவிடவில்லை. ஆர்த்தியா கடைத் திண்ணையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் கிராமத்து வரவு செலவு முழுவதும் காதில் விழும். படம் எடுக்குமுன் கேளுங்கள். மூட்டை தூக்கும் பல்லேதார்களுக்கு மூட்டைக் கணக்கில்தான் கூலி, அவர்களை நிறுத்தி வைத்துப் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

ஒன்று விசித்திரமாகப் படும். இவ்வளவு நெல் விளைவித்தும் அந்த வீடுகளில் அன்றாடச் சாப்பாடு சோறு இல்லை, ரொட்டிதான். நெல் அங்கே விற்பதற்கான பயிர். மத்தியத் தொகுப்புக்குப் போய் மற்ற மாநிலங்களின் ரேஷன் கடைகளில் அரிசியாக இறங்குகிறது. பசுமைப் புரட்சிக்கு முன் அந்த வயல்களில் கோதுமையோடு கொண்டைக்கடலை, பருத்தி, மக்காச்சோளம், கம்பு என்று பலதும் இருந்தன. நாட்டுப்பாடல்களில் கிணறும் ராட்டையும் கடுகுப்பூவும் வரும். நெல்லுக்குப் பாட்டில் அத்தனை இடம் கிடையாது. பாட்டுக்குள் குடியேற ஐம்பது அறுபது வருஷம் போதாது போலிருக்கிறது.

தண்ணீர்க் கணக்கும் இதோடு சேர்ந்தது. நமக்கு ஜூன் 12 மேட்டூர் திறக்கும் நாள். அவர்களுக்கு ஜூனில் வரும் தேதி ஒரு தடை: அரசு அறிவிக்கும் நாளுக்கு முன் நாற்று நடக்கூடாது என்று 2009-இல் சட்டம் போட்டார்கள். கோடை வெயிலில் நிலத்தடி நீரை இறைத்துக் கொட்டாமலிருக்க. ஆனால் நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும், கோதுமை விதைப்புக்கு நடுவே இரண்டு மூன்று வாரம்தான் மிஞ்சும். அறுவடை இயந்திரம் வயலில் விட்டுப்போகும் நெல்தாளை அதற்குள் அகற்றியாக வேண்டும். கோதுமைத் தாளை நறுக்கித் தூரி என்று மாட்டுக்குப் போடுகிறார்கள். பராலி என்னும் நெல்தாளில் சிலிக்கா அதிகம் என்று அங்கே ஒதுக்கிவிடுகிறார்கள். வைக்கோல் போர் போட்டுப் பழகிய நமக்கு இது புரிபடாது. தீ வைப்பது இந்த நெருக்கடியில்தான். வழியில் புகையைப் பார்த்து அங்கேயே நியாயம் பேச இறங்காதீர்கள், ‘உங்கள் ஊரில் எத்தனை நாள் இடைவெளி’ என்று கேளுங்கள். மூவரில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் இந்த மாதத்தையே விட்டுவிடுங்கள்.

இனி பொற்கோயில். உள்ளூரில் பெரும்பாலும் அப்படிச் சொல்வதில்லை, தர்பார் சாகிப் என்பார்கள். தலை மூட வேண்டும்; தொப்பி ஆகாது, துணிதான். சாக்ஸையும் கழற்றி, வாசல் நீரில் கால் நனைத்துப் போக வேண்டும். புகையிலை, பான் எதுவும் பையில்கூட வேண்டாம். விடுமுறை நாளில் உள்ளே போக மணிக்கணக்கில் வரிசை. அதிகாலையில் சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த சாகிபை, எதிரே உள்ள அகால் தக்திலிருந்து பல்லக்கில் கொண்டுவருவார்கள். நேரம் பருவத்துக்கு ஏற்ப மாறும், முதல்நாள் மாலையே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

லங்கர் என்னும் பொதுப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்தால் பாதிதான் பார்த்தது. தரையில் வரிசையாக உட்கார வேண்டும், யார் பக்கத்தில் யார் என்பது கிடையாது. ரொட்டியை இரு கைகளையும் சேர்த்து ஏந்தி வாங்க வேண்டும், தட்டை நீட்டக் கூடாது. போதுமென்றால் கைகூப்பினால் போதும். மிச்சம் வைப்பது பெரிய மரியாதைக் குறைவு. கைகழுவியதும் பூண்டு உரிக்கும் இடத்திலோ தட்டுக் கழுவும் தொட்டியிலோ போய் நில்லுங்கள். பெயர் எழுதவோ அனுமதி வாங்கவோ வேண்டாம். ஒரு மணி நேரம் தட்டுக் கழுவினால் பக்கத்தில் நிற்பவர் தானாகப் பேசுவார். உங்கள் மகளுக்கு இதைவிட நல்ல நுழைவாயில் கிடைக்காது. வெளியே வரும்போது தரும் கடா பிரசாதம் கோதுமை மாவு, சர்க்கரை, நெய் மூன்றும் சம அளவு. அதையும் இரு கைகளால்தான் வாங்க வேண்டும்.

தீபாவளி அன்று அமிர்தசரஸில் இருக்க முடிந்தால் இருங்கள். ‘தால் ரோட்டி கர் தீ, தீவாளி அம்பர்சர் தீ’ என்பது அங்கத்திய சொலவடை: பருப்பும் ரொட்டியும் வீட்டில், தீபாவளி மட்டும் அமிர்தசரஸில். சீக்கியரின் ஆறாவது குரு ஹர்கோவிந்த் குவாலியர் சிறையிலிருந்து 52 சிற்றரசர்களோடு விடுதலையான நாளாக, பந்தி சோட் திவஸ் என்று கொண்டாடுகிறார்கள். அறையை மட்டும் இப்போதே பிடித்துவிடுங்கள்.

அமிர்தசரஸுக்குப் பக்கத்தில் ஜண்டியாலா குருவில் தட்டேராக்கள் பித்தளை, செம்புப் பாத்திரம் அடிக்கிறார்கள். 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கைத்தொழில். மணலும் புளிக்கரைசலும் போட்டு மெருகேற்றுவதைப் பார்க்கும்போது உங்கள் மனைவிக்குப் புதிதாக ஒன்றும் இருக்காது. லூதியானா வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் பழைய பஞ்சாபிக் கிராம வாழ்க்கைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பாட்டியாலாவில் புல்காரி என்னும் பூத்தையல் துணி வாங்கப் போனால் அதைத் திருப்பிப் பாருங்கள். கைவேலை பின்புறமிருந்து இழை எண்ணித் தைப்பது, அதனால் முன்னே நீளத் தையலும் பின்னே சின்னப் புள்ளிகளுமாக இருக்கும். பின்பக்கம் நூல் அடர்ந்து சிக்கலாகக் கிடந்தால் இயந்திர வேலை, அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும். வாகாவுக்கு ஒரு மாலை போதும்.

கிராமத்துக்குள் போவதென்றால் முதலில் அங்குள்ள குருத்வாராவுக்குப் போய்த் தலைவணங்குங்கள், பிறகு யாரும் ‘நீ யார்’ என்று கேட்கமாட்டார்கள். எல்லோரும் சீக்கியர் என்று நினைத்துவிடாதீர்கள். 2011 கணக்கெடுப்பில் சீக்கியர் 58 சதவீதம், இந்துக்கள் 38. பட்டியல் சாதியினர் கிட்டத்தட்ட 32 சதவீதம், நாட்டிலேயே அதிக விகிதம். ஆனால் நிலம் பெரும்பாலும் ஜாட் சாதியினர் கையில். ஒரு கிராமத்தில் இரண்டு மூன்று குருத்வாரா இருந்தால் ஏன் என்று யோசித்துப் பாருங்கள், நம் ஊர்க்காரருக்கு விளக்கம் தேவைப்படாது. சர்தார்ஜி ஜோக்கை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். ‘சத் ஸ்ரீ அகால்’ சொல்லிக் கைகூப்பினால் எந்த வாசலிலும் மோரோ டீயோ வரும்.

கிராமத்து பஸ் பலகைகள் குர்முகியில்தான் இருக்கும். 35 எழுத்து, ரயிலிலேயே மகள் கற்றுக்கொள்ளலாம். உங்கள் ஐந்து ஏக்கரை அங்கே யாராவது விசாரித்தால் ‘பஞ்ச் கில்லே’ என்று சொல்லுங்கள். கில்லாவுக்கு எட்டு கனால், கனாலுக்கு இருபது மர்லா. அடுத்த கேள்வி என்ன ரகம், கில்லாவுக்கு எத்தனை குவிண்டால் என்பதாக இருக்கும். நம் மூட்டைக் கணக்கைக் குவிண்டாலாக மாற்றிக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.