தான் செய்த தவறைத் தானே எழுதி வைத்த வரலாற்று மனிதர் யாராவது உண்டா?

ஜோசையா ஹென்சன். 1789-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர். அம்மாவிடம் அத்துமீறிய கங்காணியை அடித்ததற்காக அவருடைய அப்பாவுக்கு 100 கசையடி கொடுத்து, ஒரு காதையும் அறுத்து, பிறகு தொலைதூரத்துக்கு விற்றுவிட்டார்கள்.

அப்படிப்பட்டவரின் மகன் எஜமானின் நம்பிக்கைக்குரிய ஆளாக வளர்ந்தார் என்பதுதான் விசித்திரம். 1825-இல் எஜமானுக்குக் கடன் முற்றியது. கடன்காரர்கள் அடிமைகளைப் பறித்துக்கொள்வதற்குள், அவர்களைக் கென்டக்கி மாநிலத்தில் இருந்த தன் சகோதரரின் பண்ணையில் சேர்க்கும் வேலை ஹென்சனிடம் வந்தது. மனைவி, பிள்ளைகள் போக இன்னும் 18 பேர். ஓஹையோ ஆற்றில் படகுப் பயணம். வழியில் சின்சினாட்டி. அங்கே அடிமைமுறை கிடையாது. இறங்கிவிட்டால் எல்லாருக்கும் விடுதலை. அந்த ஊர்க் கறுப்பின மக்களும் இறங்கச் சொல்லிக் கெஞ்சினார்கள். எஜமானுக்குக் கொடுத்த வாக்கை நினைத்து, ஹென்சன் படகைக் கிளப்பச் சொல்லிவிட்டார்!

மூன்று வருடம் கழித்து, அவர் குடும்பத்தைத் தவிர மற்றவர்களை விற்கச் சொல்லி எஜமானிடமிருந்து உத்தரவு வந்தது. அந்த விற்பனையைப் பக்கத்தில் நின்று பார்த்தார். இதையெல்லாம் 1849-இல் வெளிவந்த தன் வரலாற்றில் அவரே சொல்லியிருக்கிறார். முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தால், கீழ்ப்படிவதுதான் பக்தி என்று சொல்லியே வளர்க்கப்பட்டவர் அவர்.

வாக்குக் காத்த மனிதருக்குக் கிடைத்தது என்ன? விடுதலைக்கு 450 டாலர் என்று பேசி, 350 கட்டிய பிறகு, மொத்த விலை 1000 என்று எஜமான் மாற்றிவிட்டார். 1830-இல் சின்னப் பிள்ளைகள் இருவரைப் பையில் வைத்து முதுகில் சுமந்தபடி, குடும்பத்தோடு கனடாவுக்குத் தப்பினார்.

அங்கே கூலிக்கு உழுதார், மெதடிஸ்ட் சபையில் பிரசங்கம் செய்தார், மூத்த மகனிடம் எழுத்துக் கற்றார். பிறகு நண்பர்களுடன் சேர்ந்து ஒன்டாரியோவில் 200 ஏக்கர் வாங்கி, தப்பி வந்த அடிமைகளுக்காக 'டான்' குடியிருப்பை உருவாக்கினார். 1842-இல் தொழில் கற்பிக்கும் பள்ளி, அப்புறம் மர அறுவை ஆலை. அங்கே அறுத்த கறுப்பு வால்நட் மரப் பலகைகளை 1851 லண்டன் கண்காட்சிக்கே கொண்டுபோனார். நிர்வாகத்தில் கடனும் சண்டையும் மலிந்தன. அதில் அவர்மேலும் குறை சொன்னார்கள். பள்ளி 1868-இல் மூடப்பட்டது. ஹென்சன் அந்த ஊரை விட்டுப் போகவில்லை. 1883-இல், 93 வயதில், அங்கேயே இறந்தார்.

இடையில் மறுபடி கென்டக்கி வரை போய் அடிமைகளைத் தப்ப வைத்திருக்கிறார். அவர் சொன்ன கணக்கு 118 பேர். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படகில் இருந்த 18 பேர்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.